வருமான கிட்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.
14.11.2025

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் மெயிலில் அனுப்பினேன். நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் டிக்கெட் தீர்க்கப்பட்டது." என்ன தீர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பணம் வரவில்லை. அதனால் இதை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புகிறேன். தயவுசெய்து ஒருவராவது முழுதாகப் படியுங்கள்.

ஆகஸ்ட் 5-ஆம் தேதி உங்கள் வருமான கிட்டை, அதாவது சம்பாதிக்க வழி சொல்லும் 42 வீடியோவும் என் பெயரில் ஒரு வெப்சைட்டும் கொண்ட கிட்டை வாங்கினேன். 19,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 3,420, ஆக 22,420 ரூபாய் கட்டினேன். ஜிஎஸ்டி என்று வாங்கினீர்களே, உங்கள் பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. நான் தையல் வேலை செய்கிறவள். பவர் மிஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த பணம் அது. உங்கள் விளம்பரத்தில் "இன்னும் 14 நிமிடம், 3 இடம் மட்டுமே" என்று எண் குறைந்துகொண்டே வந்தது. கை நடுங்க நடுங்க அனுப்பினேன். மறுநாள் காலையில் போனைத் திறந்தால் அதே விளம்பரம், அதே 14 நிமிடம், அதே 3 இடம்.

உங்கள் கிட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. 14-ஆவது வீடியோவை மட்டும் நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள் 100 பேர் பெயரை எழுது, சொந்தக்காரர்களிடமிருந்து ஆரம்பி, விலையை முதலில் சொல்லாதே என்று அதில் வருகிறது. விற்பதற்கு வேறு பொருளே இல்லை. இதே கிட்டை இன்னொருவர் தலையில் கட்டினால்தான் கமிஷன். இதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் ஒரு ரூபாய் கட்டியிருக்க மாட்டேன்.

பணம் திரும்பக் கேட்டது ஆகஸ்ட் 29-ஆம் தேதி. "30 நாளில் திருப்தி இல்லையென்றால் முழுப் பணமும் வாபஸ்" என்று நீங்கள் போட்டிருந்த கெடுவுக்குள்தான் கேட்டேன். அதற்கு உங்கள் பதில், 42 வீடியோவையும் பார்த்து முடித்தவர்களுக்கு மட்டும்தான் வாபஸ். சரி, பார்த்து முடிக்கலாம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு வீடியோதான் திறக்கிறது. 42 வீடியோவை 30 நாளில் எப்படிப் பார்ப்பது? இதை உங்கள் ஆட்களிடம் 23 தடவை போன் செய்து கேட்டுவிட்டேன். ஒருவர்கூட நேராகப் பதில் சொல்லவில்லை. மியூசிக் போடுகிறார்கள், வேறு ஒருவருக்கு மாற்றுகிறார்கள், கட் ஆகிறது.

அப்புறம் போனில் என்னிடம் பேசிய உங்கள் டீம் லீடர். செப்டம்பர் 24, மதியம் மூன்று மணி இருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு மிஷின் மேல் வைத்துவிட்டு ஒரு லைனிங் பிளவுஸுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்ல சும்மா உக்காந்திருக்கிற பொம்பளைங்களுக்கு இவ்வளவு பெரிய வாய்ப்பு கொடுத்தாலும் உழைக்க மாட்டீங்க. உங்களுக்குப் பிச்சைக்கார மைண்ட்செட்."

என் மாமியார் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் 17 வயதில் மிஷினில் உட்கார்ந்தவள் ஐயா. 19 வருடம் ஆகிறது. முகூர்த்த மாதத்தில் ராத்திரி ஒரு மணி வரை தைத்துவிட்டு, காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவள். சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்பளையா நான்? அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், "தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்கள்தானே முதலில் சொல்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவரை இன்னும் வேலையில் வைத்திருக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சொல்ல விட்டுப்போனது, மாதம் 999 ரூபாய். வெப்சைட் பராமரிப்பு என்று செப்டம்பர் 5-லும் அக்டோபர் 5-லும் என் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொண்டீர்கள். இதற்கு நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? செல்போன் கடைத் தம்பி ஒருவர் உட்கார்ந்து ஆட்டோபேயை நிறுத்திக் கொடுத்தார். இல்லையென்றால் இந்த மாதமும் போயிருக்கும். அந்த வெப்சைட்டில் என் போட்டோ இருக்கிறது, பெயர் இருக்கிறது, "நான் மாதம் 50,000 சம்பாதிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறது. நான் எப்போது அப்படிச் சொன்னேன்? அதை இன்றைக்கே எடுங்கள்.

போனில் யாரும் பேசவில்லை என்றுதான் அக்டோபர் 8-ஆம் தேதி பெங்களூர் போனேன். தீபாவளிக்குப் பன்னிரண்டே நாள். தையல்காரி வீட்டை விட்டு நகரக்கூடாத நேரம் அது. விடியற்காலை கிருஷ்ணகிரி வந்து பஸ் ஏறி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, உங்கள் பில்லில் போட்டிருக்கும் கோரமங்களா விலாசத்தைத் தேடிப் போனேன். நான்காவது மாடி. கண்ணாடிக் கதவு. உள்ளே வரிசையாக மேஜைகள், ஆளுக்கொரு லேப்டாப், எல்லாம் வேறு வேறு கம்பெனிக்காரர்கள். உங்கள் பெயரைச் சொன்னதும் வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் தமிழிலேயே சொன்னார்: "அக்கா, இந்தப் பேருக்கு இங்க தபால் மட்டும்தான் வரும். ஆள் யாரும் கிடையாது."

நான் நம்பவில்லை. அவர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். யாரைப் பார்க்க என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர். எந்த ஊர் என்ற இடத்தில் அரூர். அடுத்த பக்கத்தில் சேலம். அதற்கடுத்து திருப்பத்தூர். வெளியே போன நேரம் எல்லோருக்கும் வந்த ஐந்தாறு நிமிடத்திலேயே இருந்தது. நானும் அதற்குக் கீழே காவேரிப்பட்டணம் என்று எழுதிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரிக்காமலே திரும்பினேன். வீடு வந்து சேர இரவு ஒன்பதரை. அன்றைக்கு வாங்க வந்த நான்கு பேருக்குத் துணி தயாராக இல்லை. இரண்டு பேர் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போன வாடிக்கை போனதுதான், பத்து வருடமானாலும் வராது. கூட்டிப் பார்த்தால் உங்களால் எனக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டம். என் தொழிலே படுத்துவிட்டது.

ஆனால் இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். என்னால் விட முடியாதது என் சித்தி மகள் விஷயம். போச்சம்பள்ளிப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். உங்கள் 14-ஆவது வீடியோ சொன்னபடி நான் முதலில் பேசியது அவளிடம்தான். "அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்று மகளிர் குழுவில் கடன் வாங்கி 22,420 ரூபாய் கட்டினாள். அதற்கு நீங்கள் என் பெயரில் வைத்திருக்கும் வாலட் கணக்கில் 6,650 ரூபாய் கமிஷன் காட்டுகிறது. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால்தான் எடுக்க முடியுமாம். அந்த 6,650 எனக்கு வேண்டவே வேண்டாம், அது அவளுடைய பணம். வாரா வாரம் குழுவில் தவணை கட்டுகிறாள். என்னைப் பார்த்தால் முன்பு போல நின்று பேசுவதில்லை. இந்தப் பாவத்தை என் கையால் செய்ய வைத்தது நீங்கள்.

என்னிடம் பிளவுஸ் தைக்கும் ஒரு வழக்கறிஞர் அம்மா எல்லாவற்றையும் பார்த்தார். ஆள் சேர்த்துப் பணம் சுற்ற விடும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது என்றார். 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் இப்படி ஆள் மேல் ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களைத் தடுக்கின்றன. நேரம் முடிகிறது என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் தவறு என்று 2023-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆன்லைனில் விற்கிறவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டுமாம். நான் முதல் புகார் கொடுத்து இரண்டரை மாதம் ஆகிறது.

எனக்குச் சண்டை போடும் ஆசை இல்லை. நான் கட்டிய 22,420, தானாக எடுத்த 1,998, என் தங்கை கட்டிய 22,420, மொத்தம் 46,838 ரூபாயை 15 நாளுக்குள் அவரவர் கணக்கில் போட்டுவிடுங்கள். நஷ்டஈடுகூடக் கேட்கவில்லை. பணம் வந்தால் இதோடு முடித்துக்கொள்கிறேன்.

வராவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்வேன். கிருஷ்ணகிரி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். அப்போது அந்த இரண்டு லட்சத்தையும் சேர்த்தே கேட்பேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலும் கொடுப்பேன். அரூர்க்காரரையும் திருப்பத்தூர்க்காரரையும் தேடிப் பிடிக்க எனக்கு வழி இருக்கிறது.

பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், உங்கள் பில், 23 அழைப்புகளின் தேதியும் நேரமும், பெங்களூர் பஸ் டிக்கெட் எல்லாவற்றின் நகலையும் இதனுடன் வைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம். முக்கியமாக, அந்த டீம் லீடரை விட்டுப் பேச வைக்காதீர்கள். அவர் பேச வேண்டுமென்றால் முதலில் என் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஆகஸ்ட் 5-ஆம் தேதி உங்களிடம் பணம் கட்டிய தையல் தொழிலாளி,
காவேரிப்பட்டணம்.