வள்ளத்தை லாரியில் ஏற்றும் அதிகாரிகளுக்கு: என்ஜினைக் கியரில் விடுங்கள், எங்களையும் கூட விடுங்கள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மழைக்கால முன்னேற்பாடு என்று போன வாரம் எங்கள் கரைக்கு வந்து வள்ளங்களின் பட்டியல் எடுத்தீர்கள். நீளம் எவ்வளவு, என்ஜின் எத்தனை குதிரைத்திறன், உரிமையாளர் போன் நம்பர் என்ன என்று எல்லாம் எழுதிக்கொண்டீர்கள். நானும் கொடுத்தேன். வெள்ளம் வந்தால் வள்ளம் வரும், அதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. 2018 ஆகஸ்டில் இங்கிருந்து கேரளத்துக்கு வெள்ள மீட்புக்கு வள்ளங்கள் போனதும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியபோது போனதும் நீங்கள் அறிந்தவைதான்.

கிளம்பும்போது உங்களில் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார். "லாரி வந்துட்டா நேரம் இருக்காது. என்ஜினைத் தூக்கி லாக் போட்டு நியூட்ரல்ல விட்டுருங்க, நம்ம ஆளுங்க ஏத்திக்குவாங்க." 2023-இலும் எங்களுக்கு இதையேதான் சொன்னார்கள். அப்படியேதான் ஏற்றினார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது சின்ன விஷயம். வள்ளம் லாரியில் ஏறும்போது என்ஜினை அதன் சொந்தக்காரன் கட்டட்டும். அவனுக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். அவனையும் அதே லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணி. வள்ளத்தின் அணியம், அதாவது முன்முனை, லாரியின் முன்பக்கம் இருக்கும்படி ஏற்றினார்கள். பின்பலகை லாரியின் பின்கதவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் என் என்ஜின், 9.9 குதிரைத்திறன், சுமார் 40 கிலோ. தூக்கி நிறுத்தும் கொக்கி ஒன்றில்தான் அவ்வளவு எடையும் தொங்கியது. "கழற்றி உள்ளே வைக்கிறேன்" என்றேன், நேரமில்லை என்றார்கள். "கியரிலாவது போடுகிறேன்" என்றேன். "கியரில் கிடந்தால் குலுங்குகிற குலுங்கலில் ஸ்டார்ட் ஆகிவிடும்" என்று சொல்லி லீவரை நடுவில் தள்ளினார் ஒருவர். எங்களை வேறு வேனில் ஏற்றினார்கள். வேன் லாரிக்குப் பின்னாலேயே போனது. வழி முழுக்க எங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தில் என்ஜின் அடியில் தண்ணீரைத் தள்ளும் அந்த விசிறி காற்றில் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு வேகத்தடையில் லாரி தூக்கிப் போட்டது. கொக்கி விட்டது. என்ஜின் அப்படியே கீழே வந்து, விசிறி இருக்கும் அதன் கால் பின்கதவு இரும்பில் மோதிய சத்தம் வேனுக்குள் கேட்டது.

போய்ச் சேர்ந்தபோது விடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். அடித்துடுப்பு மாதிரி கீழே நீண்டிருக்கும் தகடு ஒடிந்திருந்தது, கியர் பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதன் வழியே கறுப்பாக ஆயில் சொட்டி, பின்பலகை நெடுக வழிந்து கிடந்தது. எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடிகளில் ஆட்கள் நின்று செல்போன் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நான்கு பேரும் துடுப்பும் மூங்கில் கம்பும் வைத்துத் தள்ளினோம். ஓடுகிற தண்ணீரில் கம்பு நிற்காது. மத்தியானம் வரை மூன்று நடைதான் போக முடிந்தது. பக்கத்துக் கரை வள்ளம் அதே நேரத்தில் பத்து நடைக்கு மேல் போய்விட்டது. கடைசி நடையில் ஏறிய ஒரு பெரியவர், எவர்சில்வர் டம்ளரில் சர்க்கரை நோய் ஊசி மருந்தைப் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார். "எப்பய்யா வருவீங்கன்னு விடிஞ்சதிலிருந்து பாத்துட்டு இருக்கேன்" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இனி கியர் விஷயம். என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகாது. கயிற்றை இழுக்க ஆள் வேண்டும். இழுத்தாலும், நிறுத்தும் சுவிட்சின் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் அது ஸ்டார்ட் ஆகாது. முன்கியரில் கிடந்தால் விசிறி என்ஜினோடு கோத்துக்கொள்ளும், காற்று அதைச் சுற்ற முடியாது. நியூட்ரலில் விட்டால் வழியெல்லாம் சும்மா சுற்றும். தூக்கி வைத்த என்ஜினில் கியர் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க, அந்த நிலையில் அது மணிக்கணக்கில் சுற்றுவது எந்த பேரிங்குக்கும் நல்லதில்லை. பின்னால் பைக்கில் வருகிறவனுக்கும் நல்லதில்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டிரெய்லரில் இழுக்கும்போது முன்கியரில் போடு, விசிறி சுற்றாது என்று மெர்க்குரி கம்பெனி என்ஜின் கையேட்டிலேயே இருக்கிறது. தூக்கி நிறுத்தும் கொக்கியை நம்பி ரோட்டில் கொண்டுபோகாதே, குலுங்கி விழும் என்று யமஹா கையேடும் எச்சரிக்கிறது. லாரிக்கும் அதே ரோடு, அதே குலுக்கல்தானே?

பின்கியரும் கூடாது. எங்களிடம் இருக்கும் சின்ன என்ஜின்களில் பின்கியர் போட்டால் என்ஜினைக் கீழேயே பிடித்து வைக்கும் பூட்டு மாட்டிக்கொள்ளும். கீழே ஏதாவது இடித்தால் என்ஜின் மேலே எழும்பாது, அடி முழுவதும் பின்பலகைக்குப் போகும்.

கியரில் விடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இறக்கிய இடத்தில் அவசரத்தில் யாராவது கயிற்றை இழுத்தால், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பூட்டு தேய்ந்துபோன பழைய என்ஜினில் விசிறி உடனே வெட்டும். அதற்குத்தான் கிளிப்பைக் கையில் வைத்திருக்கும் ஆள் கூடவே வர வேண்டும் என்கிறேன். என்ஜினைக் கழற்றி வலை மேல் படுக்க வைத்தால் இன்னும் நல்லது. அதையும் தெரிந்தவன் செய்ய வேண்டும். தலைப் பக்கம் தாழ்ந்தால் காலில் தங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கம்பெனி குறித்த பக்கத்தில்தான் படுக்கப்போட வேண்டும்.

கியர் பெட்டி மாற்ற எனக்கு 28,000 ரூபாய் ஆனது. வட்டிக்கு வாங்கினேன். ஐந்து வாரம் கடலுக்குப் போகவில்லை. நஷ்ட ஈட்டு மனு திரும்பி வந்தது. "மீட்புப் பணியின்போது ஏற்பட்ட சேதம் அல்ல" என்று அதில் எழுதியிருந்தது. ரோட்டில் உடைந்ததாம், அதனால் கணக்கில் வராதாம். உங்கள் லாரியில், உங்கள் ஆட்கள் ஏற்றி, உங்கள் பேச்சைக் கேட்டு நியூட்ரலில் விட்ட என்ஜின் அது. மேடையில் எங்களுக்குச் சால்வை போர்த்தினீர்கள். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்கள் கடலில் கிடந்தார்கள், தேடி வரச் சொல்லி எங்கள் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். நாங்கள் கூப்பிட்டபோது வரத் தாமதம், நீங்கள் கூப்பிடும்போது பதினைந்து நிமிடம்கூடக் கிடையாது என்றால் மனசு கொதிக்கத்தானே செய்யும்?

சரி, அதைப் பேச இது இடமில்லை. கோபத்தில் எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்களில் பலர் அந்த நாட்களில் தூங்காமல் வேலை பார்த்ததை நானும் கண்ணால் கண்டேன்.

கேட்பதை மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். என்ஜினைச் சொந்தக்காரன் கட்ட விடுங்கள், அவனை அதே லாரியில் அனுப்புங்கள். முன்கியர், தூக்கிய என்ஜின் விழாமல் தாங்கும் முட்டுக்கட்டை, கழற்றிய கிளிப், கழற்றிய எண்ணெய்க் குழாய், மூடிய டேங்க் மூடி என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு லாரி டிரைவரிடமும் கொடுங்கள். ஏற்றியதிலிருந்து இறக்கும் வரை ஆகும் சேதமும் மீட்புப் பணிச் சேதம்தான் என்று ஒரு உத்தரவு போடுங்கள்.

என் என்ஜினுக்கு அளவெடுத்துப் பூவரசில் முட்டுக்கட்டை ஒன்று வெட்டி, இடுக்கில் டயர் ரப்பர் ஒட்டி வைத்திருக்கிறேன். பட்டியலில் என் நம்பர் இருக்கிறது. எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், கட்டையோடு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் உள்ள ஒரு வள்ளக்காரன்