கோல்ஃப் கிரவுண்டுல நான் கத்துக்கிட்ட மேனேஜர் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பிசினஸ் பக்கத்துல கோல்ஃப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. மேல வரணும்னு நெனைக்கற மேனேஜருங்க எல்லாம் கோல்ஃப் கத்துக்கணும், பெரிய ஆளுங்க பழக்கம் கிடைக்கும், கஸ்டமர் கூட நாலு மணி நேரம் நடந்துகிட்டே ஆர்டர் பேசலாம், தலைமைப் பண்பு வளரும்னு எழுதியிருந்தாங்க. படிச்சதுல இருந்து மனசு கேக்கலீங்க, அதான் இந்த லெட்டர். நான் கோயம்புத்தூர்ல உலோகம் உருக்கி வார்க்கற ஒரு ஃபவுண்டரில 31 வருஷம் இருந்து புரொடக்ஷன் மேனேஜரா ரிட்டயர் ஆனவன், 43 வயசுல முதல் தடவையா கோல்ஃப் குச்சிய கையில எடுத்தவன். ஆர்டர் பேசறது நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன், நடக்கும், என் கண்ணு முன்னாடியே நடந்திருக்கு. ஆனா ஆள் பழக்கம் புடிக்கறது வேற, நாலு பேர நடத்திக்கிட்டு போறது வேற. கட்டுரைல ரெண்டையும் ஒண்ணா போட்டு கலக்கிட்டாங்க, அந்த விளையாட்டுல நெசமாலுமே ஒரு மேனேஜருக்கு உதவற விஷயம் எதுவோ அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

கிரிக்கெட்ல பந்து பேட்டுல பட்டுச்சான்னு பேட்ஸ்மேனுக்கு தெரிஞ்சாலும் அம்பயர் விரல தூக்கற வரைக்கும் நின்னுக்கலாம், யாரும் தப்பு சொல்றதில்ல. கோல்ஃப்ல நம்மள மாதிரி ஆளுங்க ஆடற ஆட்டத்துல அம்பயரே கிடையாதுங்க. நாலு பேரு ஆடுனா நாலு பேரு பந்தும் நாலு மூலைல கெடக்கும், நீங்க தனியா புல்லுக்குள்ள நிப்பீங்க, குச்சிய கீழ வெக்கறப்போ பந்து ஒரு நூல் அசஞ்சா அது உங்களுக்கும் அந்த புல்லுக்கும் மட்டும்தான் தெரியும். கோல்ஃப்ல பந்த குழிக்குள்ள போட எத்தன அடி (ஸ்ட்ரோக்) ஆச்சோ அதான் ஸ்கோர், கம்மியா இருக்கறவருதான் ஜெயிப்பாரு. அப்படி பந்து அசஞ்சா தண்டனையா ஸ்கோர்ல ஒண்ணு சேத்திக்கணும், நீங்களாவே. 1925-ல அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டில பாபி ஜோன்ஸ்ங்கற பெரிய ஆட்டக்காரருக்கு இதான் நடந்துச்சு, உயரமான புல்லுல குச்சிய வெக்கறப்போ பந்து அசஞ்சுதுன்னு அவரே சொன்னாரு, வேற யாரும் பார்க்கல, ஆனா அவரு விடல, ஒரு ஸ்ட்ரோக் தனக்குத்தானே போட்டுக்கிட்டாரு. அந்த ஒத்த ஸ்ட்ரோக் இல்லேன்னா அவருதான் சாம்பியன். ஸ்கோர் சமமாகி (டை), ஜெயிச்சது யாருன்னு முடிவு பண்ண பிளேஆஃப்னு மறுபடி ஆடி, வில்லி மக்ஃபார்லேன்கிட்ட தோத்தாரு.

நான் ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம் இதே மாதிரி ஒரு தடவை பந்து அசஞ்சது, நான் சொல்லல. யாருக்கும் தெரியாது, அன்னிக்கு காசு பந்தயமும் கிடையாது, ஒண்ணுமே இல்லாத ஆட்டம். ஆனா வீட்டுக்கு வந்து சோறு எறங்கலீங்க. அடுத்த வாரம் கூட ஆடுனவங்ககிட்ட போயி சொன்னேன், அவங்க அதெல்லாம் விடுங்கன்னுட்டாங்க, நான் அதுக்கப்புறம் விடல. இத எதுக்கு சொல்றேன்னா மூணு வருஷம் கழிச்சு ஃபவுண்டரில ஒரு லாட் பம்ப் கேசிங், அதான் பம்போட வெளிக்கூடு, அனுப்பிட்டோம், கஸ்டமர் இன்ஸ்பெக்ஷன்ல பாஸ் ஆகி லாரியும் போயிருச்சு, அப்புறம் ஷாப்ல மீதி இருந்த நாலஞ்ச பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்தா ஊசி முனை மாதிரி தண்ணி கசியுது. சொல்லாம விட்டா விட்டதுதான், ஆறு மாசம் கழிச்சு வந்தா ஃபிட்டிங் சரியில்லைன்னு தள்ளி விடலாம். நான் அன்னிக்கு சாயங்காலமே கஸ்டமருக்கு போன் போட்டேன். மொத்த லாட்டும் திரும்பி வந்துச்சு, எங்க மொதலாளி ஒரு வாரம் எங்கிட்ட சரியா பேசல, அடுத்த மாசம் ஆர்டரும் கொறஞ்சுது, அதையும் மறைக்காம சொல்லணும்ல. ஆனா அந்த போன எடுக்கறதுக்கு கை நடுங்கலீங்க, அதுக்கு முன்னாடி அம்பது அறுவது தடவை யாரும் பார்க்காத எடத்துல எனக்கு நானே ஒண்ணு சேத்தி போட்டு பழகியிருந்தேன். கோல்ஃப் ஒரு மேனேஜருக்கு குடுக்கறது இந்தப் பழக்கத்தத்தான்னு நான் நம்பறேன்.

இன்னொண்ணு கேடிங்க, அதான் ஆடறவரு பேக்க தூக்கிக்கிட்டு கூடவே நடக்கற ஆளுங்க. என் பேக்க தூக்கின தம்பிக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு இருக்கும், பத்தாவதோட நின்னவரு. குழிய சுத்தி ஒட்ட வெட்டின புல்லு இருக்கும், அதான் கிரீன், அங்க பந்த மெதுவா குழிக்கு தட்டி விடறப்போ அவரு "சார், ரைட்ல ரெண்டு குழி அகலம் விடுங்க, இங்க சரிவு கண்ணுக்கு தெரியாது"ம்பாரு, நான் ரெண்டு மாசம் கேக்கவே இல்ல, கண்ணுக்கு நேரா தெரியுதே எதுக்கு தள்ளி அடிக்கணும்னு அடிப்பேன், பந்து எடது பக்கமா ஓடிரும். ஒரு நாள் அவரு சொன்னாரு, "நான் இந்த கிரீன்ல ஏழு வருஷமா நடக்கறேன் சார், நீங்க வாரத்துக்கு ஒரு நாள் வர்றீங்க." கோவமா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாரு. அப்ப எங்க மோல்டிங் ஷாப்ல ப்ளோ ஹோல், அதான் வார்ப்புக்குள்ள காத்து ஓட்டை, அதனால ரிஜெக்ஷன் ஏறிக்கிட்டே இருந்துச்சு, நான் மெட்டல் டெம்பரேச்சர் மெட்டல் டெம்பரேச்சர்னு ஃபர்னஸ் ஆளுங்கள போட்டு வறுத்துக்கிட்டு இருந்தேன். எங்க மோல்டிங் மேஸ்திரி மண்ணுல ஈரம் ஜாஸ்தி ஐயான்னு ரெண்டு தடவை சொல்லியிருந்தாரு, காதுல வாங்கல. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் திங்கக்கிழமை மொத வேலையா அவருகிட்டத்தான் போயி நின்னேன். மண்ண கையில புடிச்சு அமுக்கி ஒடச்சுக் காட்டுனாரு, மண்ணுல தண்ணி விடற வால்வு ஒண்ணு தேஞ்சுபோயி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான் விஷயம். நம்மள விட சம்பளம் கம்மியா வாங்கறவருக்கு அந்த எடம் நம்மள விட நல்லா தெரியும்ங்கறத எந்த டிரெய்னிங் கிளாஸ்லயும் எனக்கு இப்படி ஒறைக்கற மாதிரி யாரும் சொல்லலீங்க.

கேடின்னு சொன்னதும் ஞாபகம் வருது, டெல்லில கேடியா இருந்த அலி ஷேர் 1991-ல இந்தியன் ஓபன் ஜெயிச்சாரு, 1993-ல மறுபடியும் ஜெயிச்சாரு. பெங்களூர்ல கேடியா இருந்த முனியப்பா 2009-ல அதே போட்டிய ஜெயிச்சாரு. கட்டுரைல போட்டோ எல்லாம் கோட்டு போட்ட ஆளுங்க தான், இவங்க பேரு வந்திருக்கலாம்.

கையெழுத்து பத்தியும் சொல்லிர்றேன். அமெரிக்கால அகஸ்டா நேஷனல் கிளப்ல நடக்கற மாஸ்டர்ஸ்ங்கற பெரிய போட்டில, 1968-ல, அர்ஜென்டினாக்காரரு ராபர்ட்டோ டி விசென்ஸோ கடைசி நாள் 65 அடிச்சாரு, அன்னிக்கு அவருக்கு பொறந்தநாளும் கூட. கோல்ஃப்ல ஒருத்தரு ஸ்கோர கூட ஆடறவரு எழுதணும், ஆடுனவரு சரி பார்த்து கையெழுத்து போடணும். ஒரு ஆட்டத்துக்கு 18 குழி, அதத்தான் ஹோல்ம்பாங்க, 17-வது ஹோல்ல அவரு அடிச்சது 3, கார்டுல 4-ன்னு எழுதிட்டாங்க, இவரு பார்க்காம கையெழுத்து போட்டுட்டாரு. ரூல் என்னன்னா ஜாஸ்தியா எழுதி கையெழுத்து போட்டா அந்த ஜாஸ்திதான் நிக்கும், 65 வந்து 66 ஆயிருச்சு, டை ஆக வேண்டிய ஆட்டம் ஒரு ஸ்ட்ரோக்ல போச்சு. டிவில பார்த்த அத்தன பேருக்கும் அவரு 3 அடிச்சது தெரியும், ஆனாலும் கார்டுதான் கணக்கு. அவரும் எழுதுனவர ஒரு வார்த்தை குத்தம் சொல்லாம தன் மேலயே பழிய எடுத்துக்கிட்டாரு. நான் டெஸ்ட் ரிப்போர்ட்டு, பர்ச்சேஸ் ஆர்டர்னு தெனமும் நாப்பது அம்பது கையெழுத்து போட்டவன், இந்தக் கதைய கேட்டதுக்கு அப்புறம் ஒவ்வொரு நம்பரையும் விரல் வெச்சு படிக்க ஆரம்பிச்சேன். எனக்கு கீழ வேலைக்கு சேந்த பசங்களுக்கு எல்லாம் மொத நாளே இந்தக் கதையத்தான் சொல்லுவேன்.

ஹேண்டிகேப்னு ஒரு கணக்கு இருக்குது, அதுவும் எனக்கு ரொம்ப புடிக்கும். நல்லா ஆடறவருக்கும் புதுசா வந்தவருக்கும் அவங்கவங்க தரத்துக்கு ஏத்த மாதிரி ஸ்ட்ரோக் கழிச்சு விட்டு ரெண்டு பேரையும் ஒரே ஆட்டத்துல நிக்க வெக்கறது. நேத்து சேந்த டிரெய்னிய இருவது வருஷ ஆளு கூட ஒரே அளவுல நிறுத்தி திட்டற மேனேஜருங்க இத ஒரு தடவை ஆடிப் பார்க்கணும்.

இப்ப கட்டுரைல இல்லாத, ஆனா எனக்கு ரொம்ப நாளா நெஞ்சுல நிக்கற விஷயத்துக்கு வர்றேன். எங்க கம்பெனில குவாலிட்டி டிபார்ட்மென்ட்ட பாத்துக்கிட்ட ஒரு மேடம் இருந்தாங்க, 14 வருஷ சர்வீஸ், கேசிங்க தட்டிப் பார்த்து சத்தத்த வெச்சே உள்ள வெடிப்பு இருக்கான்னு சொல்ற அளவுக்கு கை. பிளான்ட் ஹெட் போஸ்ட் காலியாச்சு. யாரு அடுத்ததுன்னு கான்பரன்ஸ் ரூம்ல பேசலீங்க, ஞாயித்துக்கிழமை காலைல பதினொண்ணாவது ஹோல்ல இருந்து பன்னெண்டாவது ஹோலுக்கு நடந்து போறப்போ பேசி முடிச்சுட்டாங்க. அந்த நாலு பேருல நானும் ஒருத்தன். கூட ஆடுனவருக்கே போஸ்ட்டுன்னு முடிவாச்சு. அந்த மேடத்த கோல்ஃபுக்கு யாரும் கூப்பிட்டதில்ல, திங்கக்கிழமை மீட்டிங்ல அவங்க பேரே வரல. புல்லுக்குள்ள பந்து அசஞ்சத சொல்ற எனக்கு அன்னிக்கு வாய் வரலீங்க. ஒரு வருஷத்துல அவங்க வேலைய விட்டுட்டு போயிட்டாங்க, போறப்போ எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே தான் சொல்லிட்டு போனாங்க, அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்குது.

இது எங்க ஊரு கத மட்டும் கிடையாது. மாஸ்டர்ஸ் நடக்கற அந்த அகஸ்டா நேஷனல் கிளப் 1933-ல தொறந்தது, மொதல்ல ரெண்டு பொம்பளைங்கள மெம்பரா சேத்தது 2012-ல தான், அமெரிக்க வெளியுறவு மந்திரியா இருந்த கண்டலீசா ரைஸும் தொழிலதிபர் டார்லா மூரும். அந்த வருஷ ஆரம்பத்துல ஐபிஎம் கம்பெனிக்கு ஜின்னி ரோமெட்டி தலைவர் ஆயிருந்தாங்க, அந்த கம்பெனி மாஸ்டர்ஸ் போட்டிக்கு ஸ்பான்சர், அவங்களுக்கு முன்னாடி இருந்த ஐபிஎம் தலைவருங்க பல பேரு அங்க மெம்பரு, இவங்கள என்ன பண்ணப் போறாங்கன்னு உலகமே கேட்டுச்சு. ஸ்காட்லாந்துல 1754-ல ஆரம்பிச்ச ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கிளப் பொம்பளைங்கள சேக்கலாம்னு ஓட்டு போட்டது 2014-ல. இத்தன வருஷம் வெளிய நிறுத்தி வெச்ச எடத்துல தான் பெரிய பெரிய முடிவெல்லாம் பேசிக்கிட்டு இருந்திருக்காங்கன்னா எத்தன பேரு வாய்ப்பு போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம அதிதி அசோக் 2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ல ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல மெடல விட்டு நாலாவது வந்தாங்க, அவங்க அம்மா தான் பேக் தூக்குனாங்க. விடியக்காலைல எந்திரிச்சு ஊரே அதப் பார்த்துச்சு. அதுக்கப்புறமும் ஆபீஸ் கோல்ஃப்னா ஆம்பளைங்க மட்டும்னு இருக்கறது எனக்கு ஆறல.

அதனால கம்பெனிக்காரங்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணுதாங்க. கோல்ஃப தலைமைப் பயிற்சின்னு வெக்கறதா இருந்தா பயிற்சியா வெய்யுங்க. ஆர்டரு, பிரமோஷன், அப்ரைசல் எதுவும் கிரவுண்டுல பேசக் கூடாதுன்னு எழுதியே வெச்சிருங்க. மேனேஜருங்கள மட்டும் கூட்டிட்டு போகாம சூப்பர்வைசர், குவாலிட்டில இருக்கற பொண்ணுங்க, புதுசா சேந்த டிப்ளமா பசங்க எல்லாரையும் கலந்து கூட்டிட்டு போங்க. மெம்பர்ஷிப் எல்லாம் வேண்டியதில்ல, பிராக்டிஸ் ரேஞ்ச்ல ஒரு கூடை பந்து வாங்கி அர நாள் அடிச்சா போதும், மொத நாளே தெரிஞ்சுரும் யாரு ஓங்கி அடிச்சே ஜெயிக்கப் பாக்கறாங்க, யாரு தப்பு பண்ணிட்டு குச்சிய திட்றாங்க, யாரு பக்கத்துல இருக்கறவங்களுக்கு எடம் விடறாங்கன்னு. ஸ்கோர அவங்கவங்களே எழுதட்டும், யாரும் செக் பண்ணாதீங்க. கேடிங்கள வாத்தியாரா நிக்க வெச்சு அதுக்கு தனியா காசு குடுங்க.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்ங்க. அடுத்த தடவை இதப் பத்தி எழுதறப்போ உங்க ரிப்போர்ட்டர ஒரு காலை நேரம் கேடிங்க கூட 18 ஹோலும் நடக்கச் சொல்லுங்க, எந்த மொதலாளி எப்படின்னு அவங்களுக்கு தெரியற அளவுக்கு ஆடிட்டருக்கு கூட தெரியாது. எங்கிட்ட பழைய செட்டு ஒண்ணு சும்மா கெடக்குது, ஏழாம் நம்பர் அயர்ன்கற இரும்புத் தலை குச்சி, கிரீன்ல பந்த தட்டற பட்டர்ங்கற குச்சி எல்லாம் நல்லா இருக்குது, கிரிப் மட்டும் மாத்தணும். நம்ம பக்கம் எதாச்சும் என்ஜினியரிங் காலேஜ்லயோ பாலிடெக்னிக்லயோ பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுக்கறதா இருந்தா உங்க ஆபீஸ் மூலமா கேக்கச் சொல்லுங்க, நானே கொண்டு வந்து குடுக்கறேன். சனிக்கிழமை காலைல எனக்கு வேற வேலை இல்லீங்க.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர்டு ஃபவுண்டரி மேனேஜர்,
கோயம்புத்தூர்.