காலுக்குத் தளை இருக்கிறது, இடுப்புக்குக் கயிறு வேண்டும்

பெறுநர்:
தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியம்
வேளாண்மை - உழவர் நலத்துறை, தமிழ்நாடு அரசு

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அடுத்த பதநீர்ப் பருவம் தொடங்குவதற்குள், பனையேறும் ஒவ்வொருவருக்கும் உடலைத் தாங்கும் ஒரு பாதுகாப்புப் பட்டையும், அவரை மரத்தோடு இணைக்கும் கயிறும், அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் கிடைக்க வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது அவ்வளவுதான். ஏறும் இயந்திரம் வரட்டும், நல்லதுதான். ஆனால் அது வரும்வரை காத்திருக்க முடியாது.

நான் பணகுடிப் பக்கத்துக்காரன். அப்பா பனையேறி. இப்போது வயதாகிவிட்டதால் ஏறுவதில்லை. சித்தப்பா இன்னும் ஏறுகிறார். நான் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் கோபுரங்களில் பல 80 மீட்டர் உயரம். உள்ளே ஏணி இருக்கிறது, நல்ல வெளிச்சம் இருக்கிறது. அப்படியிருந்தும் உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை மாட்டாமல் முதல் படியில் கால் வைக்க விடமாட்டார்கள். ஏணியோடு ஓடும் கம்பியில் ஒரு பிடிப்பான் கூடவே வரும், வழுக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். மேலே ஒருவர் மயங்கி விழுந்தால் எப்படிக் கீழே இறக்குவது என்று ஒத்திகை பார்த்திருப்போம். அதே கோபுரத்தின் நிழல் விழுகிற பனங்காட்டில், காலில் தளைநாரும் (இரண்டு பாதத்தையும் பிணைக்கும் நார்வளையம்) இடுப்பில் அரிவாள்பெட்டியுமாக ஒருவர் ஏறிக்கொண்டிருப்பார். அவரை மரத்தோடு பிணைக்க ஒரு முழக் கயிறுகூட இருக்காது. இரண்டுமே உயரத்தில் செய்யும் வேலைதான். ஒன்றுக்குச் சட்டம், சோதனை, பயிற்சி எல்லாம் இருக்கிறது. இன்னொன்றை அவரவர் கைப்பலத்துக்கு விட்டுவிட்டோம்.

பனை ஏறுவதைக் கிட்ட நின்று பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். இரண்டு பாதங்களையும் தளைக்குள் விட்டு, உள்ளங்கால்களால் மரத்தைக் கவ்வுகிறார். கைகளால் மரத்தைக் கட்டிக்கொண்டு கால்கள் இரண்டையும் ஒருசேர மேலே இழுக்கிறார். அந்த நொடியில் அவரைத் தாங்குவது கைகள் மட்டும். பிறகு தளையில் ஊன்றி எழுந்து கைகளை மேலே கொண்டுபோகிறார். அந்த நொடியில் தாங்குவது கால்கள் மட்டும். கையும் காலும் மாறி மாறித் தாங்குகின்றன. இரண்டில் ஒன்று தவறினால் பிடிக்க மூன்றாவதாக எதுவும் இல்லை. அப்பாவின் நெஞ்சிலும் முன்கைகளிலும் இருக்கிற கறுத்த காய்ப்பு இப்படி மரத்தை அணைத்தே வந்தது.

தண்டில் ஏறுவதைவிட ஆபத்தான இடம் உச்சியில் மட்டைகள் கூடியிருக்கும் கொண்டைதான். அங்கே போனதும் மட்டைகளுக்கு இடையில் புகுந்து, மட்டை விளிம்பின் கருக்கு கிழிக்காமல் உடம்பை நுழைத்து, ஏதாவது ஒரு மட்டையில் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்ய வேண்டும். காய்ந்த மட்டையா, உயிருள்ள மட்டையா என்று மிதிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். பதநீர் சுரக்கும் பாளை வெளியே தள்ளியிருந்தால் உடம்பையும் வெளியே சாய்க்க வேண்டும். கலயத்தைக் கழற்றிப் பதநீரை ஊற்றிக்கொள்ள ஒரு கை, பாளையைப் பிடிக்க ஒரு கை, சீவ ஒரு கை. இருப்பது இரண்டு கைதான். அந்த நேரத்தில் மரத்தைப் பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை. அங்கே கதண்டுக் குளவியின் கூடு கலைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கொட்டுவதைத் தாங்கிக்கொண்டு தளையை மாட்டி, அறுபது அடி இறங்க வேண்டும்.

இதை ஒரு நாளில் எத்தனை முறை செய்கிறார்கள்? ஒருவர் 30 மரம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையும் ஏற வேண்டும். மரம் 50 அடி என்றால் ஒரு நாளைக்கு 3,000 அடி ஏற்றம், 3,000 அடி இறக்கம். தை, மாசியில் தொடங்கினால் ஆனி வரை ஓய்வு கிடையாது. விடியுமுன் பனி இறங்கிய தண்டு, கோடை மழையில் நனைந்த தண்டு எல்லாம் இதில் சேர்த்தி. எவ்வளவு தேர்ந்த ஆளானாலும் உடம்பு ஒரு நாள் அசரும்.

பனைக்காக அரசு சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் வந்தது. 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாக அறிவித்தார்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றார்கள். சிறந்த பனையேறும் கருவிக்கு விருது என்றும் அறிவிப்பு வந்தது. ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். பனை பலனுக்கு வர 15 ஆண்டுக்குக் குறையாது. அப்போது ஊன்றிய விதை 2030-களின் பிற்பகுதியில் ஏறும் பருவத்துக்கு வரும்போது யார் ஏறுவார்கள்? எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் பனையேறத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வருமானக் குறைவு ஒரு காரணம். விழுந்தவர்களைப் பார்த்து வளர்ந்தது இன்னொரு காரணம். முதுகுத்தண்டு அடிபட்டுத் திண்ணையில் கிடக்கும் பெரியவரைத் தினமும் பார்த்த பையன் அரிவாள்பெட்டியைத் தொட மாட்டான்.

இயந்திரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் கண்ணூர் பக்கத்துச் செம்பேரியில் உருவான தென்னை ஏறும் கருவி நல்ல கருவி. இரண்டு சட்டங்கள், மரத்தைச் சுற்றிக் கம்பிவடம், ஒவ்வொரு காலாக மாற்றி மிதித்து நின்றபடியே ஏறலாம். தேங்காய் பறிப்பவருக்குச் சரி. குலைக்குக் கீழே நின்று வெட்டிவிட்டு இறங்கிவிடுவார், அடுத்த முறை அந்த மரத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பனையேறியின் வேலை அப்படி இல்லை. பனையின் அடி பருமன், மேலே போகப் போகச் சுற்றளவு குறையும், நடுவில் வடத்தைச் சரிசெய்ய வேண்டும். கழிக்காமல் விட்ட மட்டையடி தடுக்கும். ஒரு நாளைக்கு 60 முறை மாட்டிக் கழற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி கொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். அதற்கு மேல் அவர் வெறும் ஆள்தான். தண்டில் ஏறும் சிரமத்தைக் குறைக்கிற கருவி வேறு, விழாமல் காக்கிற கருவி வேறு. விருது அறிவிப்பு முதலாவதைத் தேடுகிறது. நான் கேட்பது இரண்டாவதை.

இதற்கு முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தெலங்கானாவில் 2024 ஜூலை மாதம் கள்ளிறக்கும் தொழிலாளர்களுக்கு ‘காட்டமையா ரக்‌ஷண கவசம்’ என்ற பாதுகாப்புத் தொகுப்பை முதலமைச்சரே ரங்காரெட்டி மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். காட்டமையா அங்கே கள்ளிறக்கும் சமூகத்தார் கும்பிடும் சாமி. தொகுப்பில் கயிறு, கொக்கி, கால் வைக்கும் வளையம் எல்லாம் உண்டு. அங்கே அது கள்ளுக்கு. இங்கே கள்ளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது, அந்த விவாதத்தை வேறு இடத்தில் பேசலாம். பதநீருக்கு ஏறினாலும் விழுகிற உயரம் அதேதான். தென்னைக்கு, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் கேரளத்தில் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியைத் தொடங்கியது. இளைஞர்கள், பெண்கள் எனப் பலர் பயிற்சி பெற்றார்கள். ஏறுபவர்களுக்கு ‘கேர சுரக்‌ஷா’ என்று விபத்துக் காப்பீடும் இருக்கிறது. பனைக்கு ஏன் முடியாது?

தூர தேசத்திலிருந்தும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் மான் வேட்டைக்கு மரமேறும் வில்வேட்டைக்காரர்கள் பலர் இப்போது மேடை கட்டுவதைக் குறைத்துக்கொண்டு, இடுப்பையும் தொடையையும் தாங்கும் ‘சேடில்’ என்ற பட்டையில் மரத்தோடு சாய்ந்து உட்காருகிறார்கள். ஏறும்போது படிக்குக் கீழே நாடாவில் தைத்த கால்வளையத்தைத் தொங்கவிட்டு மிதித்து ஏறுகிறார்கள். அது நம் தளைக்குத் தூரத்து உறவு. அந்தக் கால்வளையம் ஆடும், கால் நழுவும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் தரையை விட்டுக் கால் எடுக்குமுன்பே இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டு, அதைத் தள்ளித் தள்ளி மேலே கொண்டுபோகிறார்கள். கிளை குறுக்கிட்டால் கிளைக்கு மேலே இரண்டாவது கயிற்றைக் கட்டி மாட்டிய பிறகுதான் முதல் கயிற்றைக் கழற்ற வேண்டும். உச்சிக்குப் போனதும் தலைக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டிய இன்னொரு கயிற்றில் தங்களை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விட்டு வில்லைப் பிடிக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக மரமேறுகிறவர்களே ஒரு நொடிகூடக் கயிறில்லாமல் இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சோற்றுக்காக ஏறுகிறவர்களுக்கு அந்த விதி இன்னும் வரவில்லை.

அவர்கள் கருவியை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. கிளையில்லாத நெட்டை மரத்தில் சும்மா சுற்றிய கயிறு, வழுக்கினால் ஆளோடு சேர்ந்து கீழே சறுக்கும். மின்கம்பம் ஏறும் ஊழியர்களுக்கென்று, எடை விழுந்ததும் கம்பத்தைத் தானே இறுக்கிக்கொள்ளும் பட்டை வெளிநாடுகளில் உண்டு. தண்டில் ஏறும்போது பனைக்குத் தேவை அந்த வகை. கொண்டைக்கு என் யோசனை ஒன்று. ஒவ்வொரு மரத்திலும் மட்டைகளுக்குக் கீழே, தண்டைச் சுற்றி ஒரு வலுவான நாடாவளையத்தைப் பருவத் தொடக்கத்தில் கட்டி, பருவம் முடியும்வரை அங்கேயே விட்டுவிடலாம். ஏறியதும் இடுப்புக் கொக்கியை அதில் மாட்டினால் போதும், சில நொடி வேலை. வெயிலில் நைலான் நைந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் புதிதாக மாற்ற வேண்டும். உடல்பட்டை ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரநிலையின் முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று கட்டடச் சாரத்தில் மாட்டும் வெறும் இடுப்பு வாரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். விழும்போது அது வயிற்றை அறுக்கும்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “ஏலே, மரத்துக்கு மரம் கயித்த மாட்டிக் கழத்திக்கிட்டு இருந்தா வெயில் ஏறிரும்லா, எப்ப நான் விடிலிக்குப் போறது?” என்றார். விடிலி என்பது பதநீரைக் காய்ச்சும் குடிசை. அது நியாயமான கேள்வி. கயிறு வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். 30 மரம் ஏறுகிறவர் பழகும்வரை 25 மரம்தான் ஏற முடியும் என்றால், அந்த ஐந்து மரத்து வருமானத்தை அவர் தலையில் கட்டக்கூடாது. முதல் பருவத்துக்கு மட்டுமாவது ஊக்கத்தொகை கொடுங்கள். கருவியின் வடிவமும் அலுவலக மேசையில் முடிவாகக் கூடாது. ஏறுகிறவர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு, அவர்கள் மரத்திலேயே ஏறிப் பார்த்து, ‘இந்தக் கொக்கி பாளையில் சிக்குது’, ‘இந்தப் பட்டை அரிவாள்பெட்டிக்கு இடிக்குது’ என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்ற வேண்டும். இல்லையென்றால் பட்டையெல்லாம் பரணுக்குத்தான் போகும்.

அப்புறம் மீட்பு. பட்டை காப்பாற்றிய ஆள் அந்தரத்தில் தொங்குவார். அசைவில்லாமல் தொங்கினால் தொடைப் பட்டை அழுத்தி, ரத்தம் கால்களிலேயே தேங்கி, கொஞ்ச நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். கைக்கெட்டும் இடத்தில் ஒரு கால்வளையம் இருந்தால் அதில் ஊன்றி நின்று உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். அது பட்டையோடு கட்டாயம் சேர்ந்து வரவேண்டும். பனை அதிகமுள்ள ஊர்களின் தீயணைப்பு நிலையங்களுக்கு, பனையிலிருந்து ஆளை இறக்கும் பயிற்சி வேண்டும். ஏணி வண்டி பனங்காட்டு மணலுக்குள் வராது. கயிற்றில் ஏறி இறக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

வாரியத்தில் பதிந்தவர்களுக்கு விபத்து உதவித்தொகை இருக்கிறது. அது விழுந்த பிறகு வருவது, குடும்பத்துக்கு வருவது. வாரியத்தின் பணத்தில் ஒரு பங்கு விழுவதற்கு முன்பும் செலவாகட்டும். பதிவு அட்டை கொடுக்கும் அன்றே பட்டையும் கொடுங்கள். இன்னும் பதியாதவர்கள் பட்டை வாங்கவாவது வந்து பதிவார்கள்.

பனை ஆராய்ச்சியில் அனுபவமுள்ள கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, உடன்குடியிலும் எங்கள் பக்கத்திலும் ஏறுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் மரம் சும்மா இருக்கும், மட்டை கழித்துப் பாளைக்குத் தயார் செய்யும் காலம். சோதனைக்கு அதுதான் சரியான நேரம். காற்றாலையில் கயிற்றுவேலை தெரிந்த நண்பர்கள் சிலரும் நானும் எங்கள் விடுமுறை நாளில் வந்து கட்டிக் காட்டத் தயாராக இருக்கிறோம். கூலி வேண்டாம். நாளும் இடமும் வாரியம் சொல்லட்டும், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பணகுடிப் பனையேறி ஒருவரின் மகன்