தீர்மானம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? மாநில அளவில் கைகோக்கும் மக்கள் இயக்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் உழவர், தலித், பெண்கள், சூழல், நிலவுரிமைக் களங்களில் வேலைசெய்யும் தோழர்களுக்கு வணக்கம்.

கிராம சபை நாளுக்கு நாலைந்து நாள் முன்பு, ஒரே வாசகத்தில் எழுதிய மாதிரித் தீர்மானம் மாவட்டம் மாவட்டமாக வாட்ஸ்அப்பில் போகிறது. கூட்டம் முடிந்த அன்று மாலையே இத்தனை ஊராட்சிகளில் தீர்மானம் நிறைவேறியது என்று பத்திரிகைக் குறிப்பு வந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து அந்த ஊர்களின் தீர்மானப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், ஊரே கையைத் தூக்கி ஆதரித்த தீர்மானம் பல இடங்களில் எழுதப்பட்டே இருக்காது. சில இடங்களில் ‘பொதுமக்கள் கோரிக்கை வைத்தனர், பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை எந்த அதிகாரியின் மேசையிலும் வைத்துப் பேச முடியாது. நீதிமன்றத்திலும் அது நிற்காது.

மாநில அளவில் ஒன்றுசேர்ந்து நிற்பது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்த முடிவை முழு மனதோடு வரவேற்கிறோம். சென்னை மாநாட்டுக்கும் மேடைக்கும் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கையாவது அந்தப் பதிவேட்டின் பக்கம் திருப்புங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு இடம் கொடுத்தது. அதன் அதிகாரம் எவ்வளவு என்பதை மட்டும் 243-ஏ பிரிவின் வழியாக மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. அதனால்தான் கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை கூடுகிறது. இங்கே குக்கிராமங்கள் எத்தனை இருந்தாலும் ஊராட்சி முழுமைக்கும் ஒன்றுதான். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை ஆகியவற்றைக் கிராம சபையின் முன் வைக்கச் சொல்கிறது. சபை வேண்டாம் என்று சொன்னால் ஊருக்கு வெளியிலிருந்து வரும் ஒரு திட்டம் நின்றுபோகும் என்று அது எங்கும் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை ஊர் மக்களிடம் முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ‘தீர்மானம் போட்டால் திட்டம் ரத்து’ என்று நம்பவைத்து அழைத்துவந்தால், இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் நின்றது. வன உரிமைச் சட்டமும், அதை ஏற்று 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அந்தச் சபைகளுக்குப் பின்னால் இருந்தன. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய உறுதியில் எந்தக் குறையும் இல்லை. அங்கே நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டத்தின் வழியாக. 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டில் கிராம சபையைக் கலந்துகொள்ளச் சொல்கிறது. நம் மாநிலச் சட்டத்தில் அந்தப் படியே கிடையாது. ஊரில் எத்தனை முறை கை தூக்கினாலும், சென்னையில் அந்தச் சட்டம் மாறாதவரை தீர்மானத்துக்குப் பிடிமானம் இல்லை. மாநில அளவிலான கூட்டணி தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. நவம்பர் 1-ஆம் தேதிக் கிராம சபை அந்த ஆண்டு 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்ததால், மேலூர் வட்டார ஊர்களுக்கு உடனே ஒரு கூட்டம் கையில் கிடைத்தது. தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பெருந்திரளாக நடந்தார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. ஊர்த் தீர்மானம் தனியாக இதைச் செய்யவில்லை. ஆனால் அடுத்தடுத்த படிகளில் நின்றவர்கள் எல்லாரும் கையில் பிடித்துப் பேசிய காகிதம் அதுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் அரசு விடுமுறை அல்ல. அந்த இரண்டு நாளும் கம்பெனி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் வரமாட்டார்கள். முக்கியமான தீர்மானத்தை அந்த நாட்களில் வைத்தால் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, சேராமல் போகும் ஆபத்து அதிகம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது 1998-ஆம் ஆண்டு விதிகள் வைத்திருக்கும் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் அன்றைய தீர்மானம் எதுவும் செல்லாது. எனவே தெருவாரியாக யார் எத்தனை பேரை அழைத்துவருவது என்று பெயர் எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்டோராவை அரசு 2022-இல் தடை செய்துவிட்டது, அது சரியான முடிவு. இப்போது ஆட்டோ ஒலிபெருக்கியும் வாட்ஸ்அப்பும்தான். கைபேசி இல்லாத வீடுகளுக்கு, குறிப்பாக வயதான பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு, ஆள் போய்ச் சொல்லியே ஆக வேண்டும்.

கூட்டப் பொருள் பட்டியல் மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து வருகிறது. உங்கள் கோரிக்கை அதில் இருக்காது. ‘இது பட்டியலில் இல்லையே’ என்று ஊராட்சிச் செயலர் சொல்வார். அதற்காகத்தான், கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே எழுத்துப்பூர்வ மனுவாகக் கொடுத்து, இன்னொரு படியில் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்கிவைக்க வேண்டும். அஞ்சலில் அனுப்புவதானால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கொடுப்பவர் அந்த ஊராட்சியின் வாக்காளராக இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பவர்தான் சபையின் உறுப்பினர். இயக்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அங்கே அவர் விருந்தாளிதான். வெளியூர் ஆள் மைக்கைப் பிடித்த அடுத்த நிமிடமே பேச்சு ‘இவர் யார்?’ என்று திரும்பிவிடும், தீர்மானம் அங்கேயே அமுங்கிப்போகும். பேச வேண்டியது ஊர்க்காரர், முடிந்தால் இரண்டு பெண்கள். நீங்கள் செய்ய வேண்டியது முந்தைய இரவு அவர்களோடு உட்கார்ந்து தாளைப் படித்துப் பார்ப்பது.

தாளில் என்ன இருக்க வேண்டும்? ஒரு தீர்மானத்தில் ஒரே ஒரு கோரிக்கை. ‘நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்’ என்று எழுதினால் எந்த அதிகாரிக்கும் எந்த வேலையும் வராது. ‘இந்த ஊராட்சியில் இந்தப் புல எண்ணில் உள்ள ஊருணியின் வடகரையில் உள்ள ஆக்கிரமிப்பை அளந்து அகற்ற வட்டாட்சியரை இச்சபை கோருகிறது, 60 நாளுக்குள் எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும்’ என்று எழுதினால், இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், நாள் இருக்கிறது. மாநில இயக்கம் தர வேண்டியது எலும்புக்கூடு மட்டும். புல எண்ணை ஊர்தான் நிரப்ப வேண்டும். சட்ட மாற்றம் கோரும் தீர்மானத்துக்கும் இதே முறைதான். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அதனால் இந்த ஊருக்கு என்ன பாதிப்பு என்று மூன்று வரி.

கூட்டத்தன்று கண் வைக்க வேண்டியது கையெழுத்துத் தாளின் மேல். உள்ளே நுழையும்போதே வரிசையில் நிற்கவைத்து உதிரித் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பின்னால் அது எந்தத் தீர்மானத்தோடு வேண்டுமானாலும் ஒட்டப்படலாம். பதிவேட்டிலேயே, தேதி எழுதிய பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் யாரும் போடக் கூடாது என்று முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். நூறுநாள் வேலைப் பெண்களை வருகைக் கணக்குக்காகக் கூட்டிவந்து உட்காரவைக்கும் ஊர்களில் இதைச் சொல்வது இன்னும் முக்கியம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவர்கள் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். வரவு செலவுக் கணக்கு ஊருக்குத் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தொகைகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முடிவில் கலைந்துபோக விடாதீர்கள். இது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வோம். நன்றியுரை முடிந்ததும் கூட்டம் டீக்கும் பிஸ்கட்டுக்கும் எழுந்துவிடும். பதிவேடு மூடப்படும். ‘ஆபீஸில் போய் எழுதிக்கொள்கிறேன்’ என்பார் செயலர். பலருக்கு அது சூது அல்ல, ஒருவரே எல்லா வேலையும் பார்ப்பதால் வரும் பழக்கம். நாலு பேர் மரியாதையாக அருகில் நின்று, ‘இங்கேயே எழுதிப் படித்துக் காட்டிவிடுங்கள் ஐயா’ என்று கேட்க வேண்டும். தீர்மான எண், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், முழு வாசகம். எழுதி முடித்த பக்கத்தில் மீதி வரிகளைக் கோடு போட்டு அடைத்து, தலைமை வகித்தவரின் கையெழுத்து வாங்கிய பிறகு கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் இருப்பார். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து இந்த நிலை வந்தது. தலைவர் பதவி காலியானாலும் வாக்காளர் பட்டியல் காலியாவதில்லை, சபை இருக்கிறது.

படம் எடுக்க விடவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘இந்தத் தேதிக் கிராம சபையின் தீர்மானப் பக்கங்களின் சான்றிட்ட நகல், வருகைக் கையெழுத்துப் பக்கங்களின் நகல்’ என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன் எழுதவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். பதில் தர 30 நாள் கெடு. மனு அலுவலகம் மாறிப் போயிருந்தாலும் 6(3) பிரிவின்படி 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். இந்தச் சட்டம் வந்த வழியையும் நினைவில் வையுங்கள். தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். விலக்குகள் நிறைந்த அந்தச் சட்டம் மேலிருந்து வந்தது. ராஜஸ்தானில் 1994 முதல் ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தி, மஸ்டர் ரோலை, அதாவது வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவேட்டை, உரக்கப் படித்து, இறந்தவர் பெயருக்கும் கூலி போயிருப்பதைக் கூட்டத்திலேயே கண்டுபிடித்தார்கள். 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். நாடு முழுமைக்கும் 2005-இல் வந்த சட்டத்துக்கு உயிர் அங்கிருந்துதான் வந்தது.

சாதியைத் தாண்டிவிட்டு இந்த வேலையைப் பேச முடியாது. இதே மேலூர் வட்டாரத்தின் மேலவளவில்தான் 1997 ஜூன் 30-இல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தனித்தொகுதி என்பதற்காகவே பத்தாண்டு தேர்தல் நடக்கவிடவில்லை, 2006-இல்தான் நடந்தது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் 2020-இல் வெளிவந்தது. கூட்டம் ஊர்க்கோயில் வாசலில் நடந்தால் யார் வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இடம் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்று முதல் மனுவிலேயே கேளுங்கள். ஆதிதிராவிடர் குடியிருப்பில் ஒரு கூட்டம் நடக்காத ஊராட்சியில், நம் தீர்மானத்துக்கு ஊரே ஆதரவு என்று அறிக்கை விட நமக்கு உரிமை இல்லை. சுரங்கத்தை எதிர்க்கும்போது மட்டும் எல்லாரும் ஒன்று, சுடுகாட்டுப் பாதை கேட்கும்போது இயக்கத்துக்கு வேறு வேலை என்றால், அடுத்த முறை அந்தத் தெருவிலிருந்து கை உயராது. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

மாநில அளவில் என்ன செய்வது? 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இரண்டு மசோதாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த தொழிற்சாலைகள் திருத்தம் பத்தே நாளில், மே 1-இல் திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் உடனே ஒரே குரலில் பேசின. அவர்களிடம் ஆலை வாசல் வரை போகும் கிளைகள் இருந்தன. அதே நாளில் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளை உள்ளடக்கிய நிலத்தைச் சிறப்புத் திட்டங்களுக்கு ஒப்படைக்க வழிசெய்வது, ஆளுநர் ஒப்புதலும் பெற்றுச் சட்டமாகிவிட்டது. ஏரிப் பாசன ஊர்களிடம் அப்படி ஒரு கிளை அமைப்பு இல்லை. தொழிற்சாலை மசோதா திரும்பப் பெறப்பட்ட அந்த மே 1 கிராம சபை நாளும்கூட, அந்த ஊர்கள் தீர்மானம் போட்டிருக்கக்கூடிய நாள்.

ஆகவே மாவட்டத்துக்கு ஒருவரை இந்த வேலைக்கென்றே விடுங்கள். ஒரு அட்டவணை போதும்: ஊராட்சி, தேதி, தீர்மான எண், பதிவேட்டுப் பக்கத்தின் படம், யாருக்கு அனுப்பப்பட்டது, பதில் வந்த தேதி. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு படி, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு படி. பக்கத்தின் படம் இல்லாத ஊரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பட்டியல் சின்னதாகும். ஆனால் அமைச்சர் அறையில் ஒவ்வொரு வரியையும் தாளோடு நிரூபிக்க முடியும். அரசிடம் வைக்கும் கோரிக்கைகளும் மூன்றுக்கு மேல் வேண்டாம்: கேரளம் போலக் குக்கிராமத்துக்கு, அல்லது வார்டுக்கு, ஒரு சபை, தீர்மானத்துக்கு உரிய அலுவலர் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தரும் விதி, 1997 நிலம் எடுப்புச் சட்டத்திலும் 2023 சட்டத்திலும் கிராம சபையின் ஒப்புதல்.

அடுத்த மாநிலக் கூடுகைக்கு வரும்போது, உங்கள் மாவட்டத்திலிருந்து முத்திரையும் கையெழுத்தும் உள்ள பத்துப் பதிவேட்டுப் பக்கங்களின் நகலோடு வாருங்கள். முதல் அமர்வில் அவற்றை மட்டும் வாசிப்போம்.

தோழமையுடன்,
கிராம சபை வேலையில் இருப்பவர்கள்