பராமரிப்பு நிலையத்துக் கிணறு: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்தில் சிறுவர் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் மகளை, அவள் போய்வந்த பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலிருந்து நிறுத்திவிட்டேன். நிறுத்துவதற்கான காரணத்தை நிலையத்தாருக்கு எழுத்தில் கொடுத்தேன். அவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மாதக் கட்டணத்தின் மீதியையும் மறுபேச்சில்லாமல் திருப்பித் தந்தார்கள். எங்களுக்கிடையிலான கணக்கு அத்துடன் தீர்ந்தது. ஆனால் நான் எழுதிக் கொடுத்த காரணம் என் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. அங்கே இப்போதும் இருக்கும் பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்தும். அதை யாரிடம் சொன்னால் யார் வந்து பார்ப்பார்கள் என்பது என் போன்ற பெற்றோருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்பதாலேயே இதைப் பொதுவில் எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையோ ஊரையோ இங்கே சொல்லவில்லை. ஒன்றைச் சுட்டிக்காட்டினால் அந்த ஒன்றைப் பூட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். இது ஒரு வளவின் கதையன்று.

ஒரு மாலை, வேலை முடிந்து மகளை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், "அம்மா, கிணத்துக்க குட்டி மீன் இருக்கு" என்றாள். நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று கிணற்றில் மீன் விடுவது நம்மிடையே வழமைதான். மீன் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. மூன்று வயதும் நிரம்பாத பிள்ளை அந்த மீனை எப்படிக் கண்டாள் என்பதுதான் என்னை உலுக்கியது. யாரேனும் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும், அல்லது அவளே ஏறி எட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆர் தூக்கிக் காட்டினது என்று கேட்டேன். "நான்தான் பாத்தனான்" என்றாள், பெருமையாக.

மறுநாள் காலை, பின்வளவைப் பார்க்க அனுமதி கேட்டேன். பிள்ளையைச் சேர்க்க வந்தபோது எனக்குக் காட்டப்பட்டவை முன்விறாந்தையும் விளையாட்டுப் பொருட்கள் அடுக்கிய அறையும் சுவரில் ஒட்டிய எழுத்துப் படங்களுமே. குசினிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எவரும் காட்டுவதுமில்லை, வழமையில் எவரும் கேட்பதுமில்லை. அது பழைய கிணறு. கட்டு என் முழங்காலைச் சற்றே தாண்டும் உயரம்; அதிலும் மோட்டர்க் குழாய் இறங்கும் பக்கத்தில் கல் பெயர்ந்து, ஒரு படி போலப் பள்ளமாகியிருந்தது. இலை விழாமலிருக்க மேலே கட்டிய நைலோன் வலை அந்தப் பக்கமே கிழிந்து தொங்கியது. கட்டின் ஓரத்தில் பெயின்ற் வாளி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை அங்கே வைத்தவருக்குத் துணி தோய்க்கையில் குந்தியிருக்க அது வசதியாக இருந்திருக்கலாம். குசினிக் கதவுக்கும் கிணற்றடிக்கும் இடையே வேலியோ படலையோ கிடையாது.

நிலையத்தை நடத்தும் அக்கா கெட்டவர் அல்லர். பிள்ளைகளை அடித்ததாகவோ பட்டினி போட்டதாகவோ நான் ஒருநாளும் அறியேன். என் மகள் அவரை விட்டு வர மறுத்து அழுத நாட்களும் உண்டு. நான் காட்டியவற்றை அவர் மறுக்கவுமில்லை. "இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே, நீங்கள் கனக்க யோசிக்கிறீங்கள் தங்கச்சி" என்றார். கட்டை உயர்த்தி மேலே இரும்புக் கம்பி மூடி போடலாமே என்றதற்கு, வீட்டுக்காரர் சுவிஸில் இருக்கிறார், அவரைக் கேட்காமல் வளவில் ஒரு கல்லைக்கூடப் புரட்ட முடியாது என்றார். அதுவும் உண்மையாகவே இருக்கும். வெளிநாட்டிலிருப்பவர்களின் வீடுகளை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் நிலையங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. வளவு ஒருவருடையது, பொறுப்பு இன்னொருவருடையது, இரண்டுக்கும் நடுவில் கிணறு. மத்தியானத்தில் பராமரிப்பாளர் இருவரில் ஒருவர் சமையலில் நிற்பார் என்றும், மற்றவர் கைக்குழந்தைகளுக்குப் பால் கரைப்பார் என்றும் அவரே சொன்னார். அந்த நேரத்தில் நடக்கப் பழகிய பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவர்கள் படுத்திருப்பார்கள் என்பதே பதிலாக வந்தது. மீனைக் கண்ட பிள்ளை படுத்திருக்கவில்லை.

கட்டும் மூடியும் வேலைசெய்து முடியும்வரை பிள்ளையை அனுப்புவதில்லை என்றேன். எப்போது முடியும் என்று அவரால் சொல்ல முடியாதபோது, முற்றாக நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தேன். அந்த முடிவு ஒரு வீட்டுக்கு என்ன விலை என்பதை நீங்கள் அறிவீர்கள். 84 நாள் பிரசவ விடுமுறை எப்போதோ முடிந்துவிட்டது. முன்னொரு காலத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்த அம்மம்மாமாரில் பாதிப்பேர் இன்று கனடாவிலும் இலண்டனிலும் வேறு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே என் நிலையிலுள்ள ஒரு தாய் கிணற்றைக் கண்டும் காணாததுபோல் போவதை நான் குறைசொல்ல மாட்டேன். அவளுக்கு வேறு இடம் இல்லை. அவள் வாய் திறந்தால் உள்ள இடமும் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கம் பள்ளிக்கூடச் சுவர்களில்கூட எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த இலக்கத்தைக் கேட்டதும் நம் மனதில் வருவது அடியும் துன்புறுத்தலும் துஷ்பிரயோகமுமே. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவும், தன் பொறுப்பிலுள்ள பிள்ளையை வேண்டுமென்றே தாக்குவது, புறக்கணிப்பது போன்ற கொடுமைகளையே குற்றமாக்குகிறது. உயரம் குறைந்த கிணற்றுக்கட்டு எவரும் வேண்டுமென்று செய்ததல்ல. குற்றம் என்று சொல்ல முடியாத, ஆனால் ஒரு பிள்ளையின் உயிரைக் கொண்டுபோகக் கூடிய இந்த இடைப்பட்ட நிலையைப் பெற்றோர் எங்கே முறையிடுவது? பொலிசுக்குப் போனால் அந்த அக்காவைக் குற்றவாளியாக்குவதாகிறது. போகாமல் விட்டால் பேசாமல் ஒதுங்கிக்கொள்வதாகிறது.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 3ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பராமரிக்கும் நிறுவனங்கள் பாதுகாப்பிலும் சுகாதாரத்திலும், பணியாளர்களின் எண்ணிக்கையிலும் தகுதியிலும், மேற்பார்வையிலும் உரிய அதிகாரிகள் வகுத்த தரத்துக்கு அமைந்திருப்பதை அரசு உறுதிப்படுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. ஏதேனும் நடந்த பிறகு விசாரிப்பதைப் பற்றி அல்ல, நடப்பதற்கு முன்பே போய்ப் பார்ப்பதைப் பற்றியே அங்கே பேசப்படுகிறது.

நீரில் மூழ்கி இறப்பவர்களின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடையே உலகளவில் மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைத் தடுக்க அது பரிந்துரைக்கும் வழிகளில், நீர்நிலைக்குத் தடுப்பு இடுவதோடு, முன்பள்ளி வயதுப் பிள்ளைகளை நீரிலிருந்து விலக்கி மேற்பார்வையுடன் வைத்திருக்கும் பராமரிப்பு இடங்களும் அடங்கும். குளமும் குட்டையும் நிறைந்த வங்காளதேசத்தில் இந்தக் காரணத்துக்காகவே கிராமப் பராமரிப்பு நிலையங்கள் நடத்தப்படுகின்றன. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நம் குடாநாட்டில் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் அடியில் இருக்கிறது. அதனால் வளவுக்கு வளவு கிணறு. பிள்ளையைத் தண்ணீரிலிருந்து காக்க வேண்டிய இடத்திலேயே அது காவலின்றித் திறந்து கிடப்பதை எந்தத் தரத்துக்குள் அடக்குவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் கேட்பவை செலவு மிக்கவை அல்ல. நுளம்புக்காக வீடு வீடாக வந்து தொட்டியையும் பூச்சாடியையும் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பராமரிப்பு நிலையமாக இயங்கும் வளவில் கிணற்றுக்குள் குடம்பி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும்போது, அந்தக் கட்டின் உயரத்தையும் மூடியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம். பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்வளவுக்கும் போகச் சொல்லுங்கள். மலசலகூடக் குழியின் மூடி, தெருப் படலையின் கொழுக்கி, மத்தியானத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் என்பவையெல்லாம் அங்கே போய் நின்றால்தான் தெரியும், கோப்பைப் புரட்டினால் தெரியாது.

இவற்றிலும் முதன்மையாக, ஒரு பெற்றோர் பாதுகாப்புக் காரணத்துக்காகப் பிள்ளையை நிறுத்தும்போது அந்தக் காரணத்தின் பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்தில் ஒப்படைக்கவும், அதைப் பெற்றவர் குறித்த காலத்துக்குள் நேரில் சென்று பார்க்கவும் ஓர் ஒழுங்கு வேண்டும். இன்று அந்தக் கடிதத்தை வாசிப்பவர் நிலையத்தை நடத்துபவர் மட்டுமே. அடுத்த வாரம் வெற்றிடத்துக்கு வரும் பெற்றோர், முன்னைய பிள்ளை ஏன் போனது என்று அறிவதில்லை. நிறுத்தும் பெற்றோரின் பெயரை வெளியே விடாமல் வைத்திருப்பது அவசியம். ஊர் சிறியது.

பார்த்துவிட்டுப் பூட்டிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். பூட்டினால் அங்குள்ள பிள்ளைகள், கிணறு உள்ள வேறு வளவுகளுக்கே போவார்கள். திருத்துவதற்குக் காலக்கெடு கொடுங்கள். வீட்டுக்காரர் சுவிஸில் இருந்தாலும் உங்கள் கடிதம் ஒன்று போனால் அவர் கல்லைப் புரட்டச் சம்மதிப்பார், அக்காவின் தொலைபேசி அழைப்புக்கு அவர் அசையமாட்டார். ஐப்பசி மழை தொடங்கினால் கிணறுகளில் தண்ணீர் கட்டை நோக்கி ஏறிவரும். முதற்சுற்றுப் பார்வையை அதற்கு முன் முடித்துவிடுங்கள். நான் நிலையத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியும், கிணற்றடியை அன்று எடுத்த படங்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பெற்றுக்கொள்ள ஓர் உத்தியோகத்தரை நியமித்தால் நேரில் வந்து ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போகும் ஒரு தாய்