தல்மூதையும் பட்டியலில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே படிக்கத்தக்க பிற சமய நூல்கள் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தீர்கள். யூத சமயத்துக்கு எபிரேய வேதாகமம் மட்டுமே இடம்பெற்றிருந்தது. யூதரின் வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்த மிஷ்னாவும், அதை விரிவாக விவாதிக்கும் தல்மூதும் விடுபட்டது பெரிய குறை.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எபிரேயமோ அரமேயமோ ஓர் எழுத்தும் தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மிஷ்னாவின் ஆங்கில மொழிபெயர்ப்பை உரையில்லாமல் எடுத்துப் படித்தேன். 'மாலையில் ஷெமாவை எந்நேரம் முதல் ஓதலாம்?' என்று எடுத்த எடுப்பிலேயே கேள்வி. ஷெமா என்றால் என்ன, எதற்கு ஓதுவது என்று ஒரு சொல் இல்லை. (யூதர்கள் காலையும் மாலையும் ஓதும் வேதப் பகுதி அது என்று இன்று அறிவேன்.) மூடிவைத்துவிட்டேன்.

பிறகுதான் ஆடின் ஸ்டைன்சால்ட்ஸின் விளக்கத்தோடு வந்த ஆங்கிலத் தல்மூது கிடைத்தது. 2017 முதல் செஃபாரியா இணைய நூலகத்தில் இலவசமாகவே வரத் தொடங்கிய பதிப்பு அது. மூலத்தின் நேர்பொருள் தடித்த எழுத்தில், நடுநடுவே விளக்கம் சாதாரண எழுத்தில். பதவுரையும் விளக்கவுரையும் ஒரே வாக்கியத்துக்குள் கைகோத்து நடக்கின்றன. உரையோடு செய்யுள் படித்தே வளர்ந்த எனக்கு வேறென்ன வேண்டும்!

நான் திகைத்து நின்ற இடத்தில் தல்மூதும் நிற்கிறது. ஓத வேண்டும் என்றே சொல்லாத மிஷ்னா ஆசிரியர் நேரத்தைப் பற்றி எப்படிப் பேசத் தொடங்கினார் என்று அதுவே கேட்டு, 'படுக்கும்போதும் எழும்போதும்' என்று எபிரேய வேதாகமத்தின் முதற்பகுதியான தோராவில் வரும் வசனத்தைக் காட்டுகிறது. ஓதுவதற்கு நள்ளிரவுதான் எல்லை என்கிறார்கள் மிஷ்னாவின் அறிஞர்கள். சட்ட அறிஞர் ரப்பான் கமாலியேலின் மகன்களோ விருந்திலிருந்து பின்னிரவில் திரும்பி, ஷெமா ஓதவில்லையே என்று தந்தையிடம் சொல்கிறார்கள். விடியாதவரை உங்கள் கடமை தீரவில்லை என்கிறார் அவர். சட்ட நூலுக்குள் ஒரு வீட்டின் கதவு திறந்தது போல இருந்தது எனக்கு.

யூதர்கள் இதை இருவராக அமர்ந்து வாதிட்டுப் படிப்பார்கள், ஹவ்ரூதா என்பார்கள். எனக்குத் துணை மதுரையிலுள்ள என் நாத்தனார். சனிக்கிழமை மாலைகளில் தொலைபேசியில் படிக்கிறோம். ஒரு பக்கத்துக்கு மூன்று வாரம்கூட ஆனதுண்டு. நாளுக்கொரு தாளாக 2,711 தாள்களை ஏழரை ஆண்டில் முடிக்கும் தாஃப் யோமி முறையை 1923இல் யூத சமய ஆசானான ரப்பி மேயிர் ஷாபிரோ முன்வைத்தார். அரிய ஏற்பாடுதான், ஆனால் புதியவர்களுக்கு அந்த வேகம் ஆகாது. அவர்கள் மிஷ்னாவில் உள்ள பிர்கே அவோத்தில் தொடங்கட்டும். சட்ட வாதம் குறைவு, ஆன்றோர் மொழிகளே மிகுதி.

அடுத்த பட்டியலில் இந்நூல்களைச் சேர்க்கும்போது, 'உரையுள்ள பதிப்பு' என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தஞ்சாவூர்