செஞ்சிக் கோட்டையில் மரபு நடை நடந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளைக் கோட்டைக்குள் கூட்டிப்போய்க் காட்டும் எங்கள் உலக மரபு வார நடை நல்லபடியாக முடிந்தது. நேற்று சாயங்காலம் கடைசிப் பள்ளி வேன் கிளம்பிப் போன பிறகுதான் எங்கள் ஆட்கள் கோட்டை வாசல் படியில் உட்கார்ந்தார்கள். ஓய்வெடுத்துவிட்டு ஆற அமர எழுதலாமே என்றார்கள். ஆறப்போட்டால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் விட்டுப்போய்விடுவார்கள். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நடைக்கு முன்னால் பெய்த மழையில் தண்ணீர் புகுந்து எங்கள் அறைக்கு என்ன ஆனது என்று இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். நீங்களே முழங்கால் தண்ணீரில் நின்று அள்ளிக் கொட்டியவர்கள். அந்தக் கதையை மறுபடி சொல்லவில்லை. நவம்பர் 19 முதல் 25 வரை வரப்போகிற பிள்ளைகளுக்குக் காட்ட எங்களிடம் ஒரு வரைபடம்கூட மிஞ்சவில்லை என்பது மட்டும் இந்த மடலுக்குப் போதும்.

இதில் பெரிய இடம் ஒரு தையற்கடை அக்காவுக்கு. பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “பேர் போட்டீங்கன்னா, என் ப்ளவுஸை விட்டுட்டு இதைத்தான் தெச்சியான்னு நாளைக்கே நாலு பேர் சண்டைக்கு வருவாங்க.”

நான் அவரிடம் போனது தோள்பை தைக்க. நடைக்கு வரும் தன்னார்வலர்கள் தூக்கிப் போகிற பைகளில் வார் அறுந்து, ஓரம் பிரிந்து கிடந்தது. ஈரம் காயாத பழைய வரைபடமும் அதே மூட்டையில் சுருண்டிருந்தது. அக்கா அதைப் பிரித்துப் பார்த்தார். மை ஓடிப்போய் மூன்று மலையும் ஒரே கறையாக இருந்தன. “இது நம்ம மலையா சார்?” என்றார். ஆமாம் என்றேன். எது ராஜா கோட்டை, எது ராணிக் கோட்டை என்று கேட்டார். விரலால் காட்டினேன். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் சந்திரகிரி, மூன்றையும் சேர்த்து இழுத்துக் கட்டின மதில். “இதுல எது உசரம்?” ராஜகிரி. “சரி, வெச்சிட்டுப் போங்க.”

பைகளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி ஊரில் கரண்ட் இல்லை. மோட்டார் மெஷின் சும்மா கிடக்க, மூலையில் இருந்த பழைய கால் மெஷினை இழுத்துப் போட்டு, எமர்ஜென்சி விளக்கில் உட்கார்ந்து தைத்திருக்கிறார். மறுநாள் போனால் பைகளுக்கு மேல் ஒரு பெட்ஷீட் அளவுக்குத் துணி மடித்து வைத்திருந்தது. விரித்தால், செஞ்சிக் கோட்டை!

ராஜகிரிக்குக் காவி நிற ப்ளவுஸ் துணி, கிருஷ்ணகிரிக்குப் பச்சை, சந்திரகிரிக்குச் சாம்பல் நிற லைனிங். மலைகளுக்குள் வெட்டுத்துணியை அடைத்து மேடாக்கியிருந்தார். “பெரிய மலைன்னு சொன்னீங்கல்ல, அதுல துணி கூடப் போட்டிருக்கேன்.” மதிலுக்குப் புடவை ஃபால்ஸ், கறுப்பு. சக்கரக்குளம், செட்டிக்குளம், ஆனைக்குளம் மூன்றும் நீலச் சாட்டின். கல்யாண மகால் மட்டும் ஜரிகைக் கரையில் வெட்டிய துண்டு, நிமிர்ந்து நிற்கிற மாதிரி உள்ளே அட்டை வைத்திருந்தார்.

எங்கள் பழைய வரைபடத்தில் இல்லாத ஒன்றும் இருந்தது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டை மஞ்சள் நூலில் ஓட்டி, ஓரிடத்தில் சிவப்புப் பொத்தான் வைத்திருந்தார். என்ன அக்கா இது என்றதற்கு, “பஸ் ஸ்டாண்டு. ரோடும் பஸ் ஸ்டாண்டும் இல்லாம நாம எங்க நிக்கிறோம்னு பசங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். மரபுச் சின்னங்களில் விளக்கப் பலகை எழுதுகிறவர்கள் கருத்தரங்கம் போட்டுப் பேசுகிற விஷயம் இது. பார்க்க வருகிறவன் தான் நிற்கிற இடத்திலிருந்துதான் மற்றதைப் பார்ப்பான், அங்கிருந்து தொடங்கு என்பார்கள். அக்கா அதை ஒரு பொத்தானில் முடித்துவிட்டார்.

ஆனால் துணியில் எல்லோரையும் மயக்கியது பாலம்தான். ராஜகிரி உச்சிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கடைசியில் மலையே பிளந்த மாதிரி ஒரு பள்ளம் வரும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இன்று நாம் பாட்டுக்கு நடந்து கடந்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் அங்கே இருந்தது எடுத்துவிடக்கூடிய பாலம். எதிரி வந்தால் இழுத்துக்கொள்வார்கள், அப்புறம் மேலே போக வழியே கிடையாது. இதையும் முந்தைய நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன் போல. அக்கா ராஜகிரியின் தலையில் ஒரு கீறல் வெட்டி, அதற்குக் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு பட்டை வைத்து, இரண்டு பக்கமும் டிச் பட்டன் அடித்திருந்தார். இழுத்தால் டிக் என்று கையோடு வந்துவிடும், அழுத்தினால் மறுபடி பாலம்.

முதல் நாள் வந்தது ஏழாம் வகுப்பு. மைதானத்தில் துணியை விரித்துச் சுற்றி உட்கார வைத்தோம். வழக்கமாக ஆனந்தக் கோன் காலத்தில் ஆரம்பித்து, விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், 1677இல் சிவாஜி என்று வரிசையாகப் போவோம். மூன்றாவது ராஜாவிலேயே பாதிப் பிள்ளைகளின் பார்வை குரங்குகள் பக்கம் போய்விடும். இந்தத் தடவை ஆரம்பிக்கவே விடவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை பாலத்தை டிக்கென்று எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். “இப்ப எப்படி சார் வருவாங்க?”

வர முடியாதுதான். 1690இல் முகலாயப் படை வந்து சூழ்ந்தபோது உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை 1698 வரை இழுத்தது. இதைச் சொன்னதும், அவ்வளவு வருஷமும் மேலே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு பையன் கேட்டான். வா காட்டுகிறேன் என்று நெற்களஞ்சியத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே போய் நின்றதும், தண்ணீர்? குளங்களுக்கு நடந்தோம், கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறிய கதையைச் சொன்னோம். கடைசியில் கோட்டை விழுந்ததா என்றார்கள். விழுந்தது, ஆனால் அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். எப்படித் தப்பினார்? பாலத்தைப் பையில் வைத்திருந்தவள் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. அவள், “நான் குடுக்கல” என்றாள்.

அன்றைக்கே நடையின் வரிசையை மாற்றிவிட்டோம். வாரம் முழுக்க பாலத்தில் தொடங்கி, சாப்பாடு, தண்ணீர் என்று போனோம். வருஷங்களும் வம்சங்களும் பிள்ளைகள் கேட்ட இடத்தில் மட்டும். தேசிங்கு ராஜாவை மட்டும் எங்கே வைத்தாலும் சரிதான். 1714இல் செத்துப்போன சின்ன வயசு ராஜா, ஆண்டது கொஞ்ச காலம், ஆனால் கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள் எங்களுக்கே குதிரைக் கதை சொல்லித் தருவார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்று சொல்வார்கள் என்றதும், அங்கே செல்ஃபி எடுத்த அத்தனை பேரும் கோபப்பட்டது தனிக் கதை.

காசு கொடுக்கப் போனபோது அக்கா கணக்கெழுதினார். பைக்கு வார் மாற்றியது, ஓரம் அடித்தது, அவ்வளவுதான். துணிக்கு? “அது வெட்டுத்துணி தம்பி, எப்படியும் தலகாணிக்குத்தான் போகும்.” சாரிலிருந்து தம்பிக்கு எப்போது மாறினார் என்று கவனிக்கவில்லை. நீங்களும் ஒரு நாள் நடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். சிரித்தார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கோட்டையைக் கீழேயிருந்து பார்த்ததோடு சரி, இப்போது முட்டி வலி, அவ்வளவு உயரம் யார் ஏறுவது என்றார்.

அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. செஞ்சிக்குப் போனேன் என்றால் மேலே ஏறினாயா என்பதுதான் அடுத்த கேள்வி. ஏறாதவர் கோட்டையே பார்க்காதவர் என்று ஆகிவிட்டது. ஆனால் கல்யாண மகால், களஞ்சியங்கள், ஆனைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் அடிவாரக் கோட்டையில்தானே இருக்கின்றன? அந்த ஜனங்கள் சமைத்தது, குளித்தது, கும்பிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்குக் கிடைக்கும் சங்கதியில் பெரும்பகுதி கீழேதான். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பேரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் கோட்டை ஒன்றுதான். எங்கிருந்தெல்லாமோ விசாரித்துக்கொண்டு வருகிறார்கள், சந்தோஷம். கோட்டை நிழலில் குடியிருக்கிறவர்களுக்கு அதைக் காட்டாமல் உலகத்துக்குக் காட்டி என்ன?

அதனால் எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன், விட்டால் பிடித்துக் கேளுங்கள். தை பிறந்ததும் மாதம் ஒரு ஞாயிறு, மலை ஏறாத மரபு நடை நடத்தப்போகிறோம். காலையில் வெயில் ஏறும் முன் ஆரம்பித்து, உட்கார உட்கார இடம் பார்த்து, மெதுவாக. ஊர்ப் பெண்கள், வயதானவர்கள், முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் வரலாம். முதல் நடைக்கு வர அக்கா அரை மனதாகச் சம்மதித்திருக்கிறார். கல்யாண சீசன் தையல் முடிந்தால் என்று ஒரு நிபந்தனை.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். பள்ளங்களில் தேங்கிய தண்ணீரையும் வழுக்கும் படிகளையும் எங்களோடு நடந்து பார்த்து, எந்தப் பக்கம் பிள்ளைகளை விடலாம், எந்தப் பக்கம் கூடாது என்று கயிறு கட்டிக் கொடுத்த தொல்லியல் துறை காவலர்கள். வாசலிலிருந்த சேற்றை விடியும் முன் வாரிய பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள். தேதி மாற்றச் சொல்லி நாங்கள் கெஞ்சியபோது முகம் சுளிக்காத தலைமை ஆசிரியர்கள், ஆசிரியைகள். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்ட வேன் டிரைவர் அண்ணன்கள். குரங்குக்கும் சாப்பாட்டு மூட்டைக்கும் நடுவில் கம்போடு நின்ற கல்லூரிப் பிள்ளைகள், உங்கள் வீரம் ராஜாராம் படைக்கு இருந்திருந்தால் முற்றுகை இன்னும் நீண்டிருக்கும். தக்காளி சாதம், தயிர் சாதம், ஒரு நாள் யார் என்றே தெரியாமல் வந்து இறங்கிய கேசரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து. மழை விட்ட மறுநாளே போன் செய்து “ரத்துதானே?” என்று கேட்ட ஓரிருவருக்கும் நன்றி, அந்தக் கேள்விக்காகவே நடத்தினோம்.

சாப்பாடு கொடுத்து அனுப்பியவர்களின் தூக்குவாளி, டிபன் கேரியர், மூடி மட்டும் தனியாக ஒரு குக்கர் மூடி எல்லாம் கழுவி எங்களிடம் இருக்கின்றன. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அறையில் யாராவது இருப்போம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே, துணிப் பாலம் நேற்று மாலை கணக்கெடுத்தபோது இல்லை. கடைசி நாள் வந்த எட்டாம் வகுப்பில் யாரிடமோ இருக்கிறது. திட்ட மாட்டோம், கொடுத்தனுப்புங்கள்.